குனிந்து பார்க்காத தடம்

சியாசிக்கு ஊரில் இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்கு, மற்றது வீம்புக்கு. சம்பளத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டினாள். மண் ஆளுயரத்துக்கு மேல் உறைந்து கிடக்கும் ஊரில் குழாய் பதிப்பது நடக்கிற காரியமில்லை. ஏரியில் லாரியை நிரப்பி, வீடு வீடாகப் போய்த் தொட்டியில் விட்டால்தான் அங்கே தேநீரும் குளியலும். எந்த வீட்டில் தினம் குளிக்கிறார்கள், எந்த வீட்டில் குளிப்பதே இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதை நாலு பேர் நடுவில் சொல்லவும் கூச்சப்படமாட்டாள். வயது ஐம்பத்திரண்டு, வலது முழங்கால் பழுது, வாய் மட்டும் பழுதாகவே இல்லை.

வீம்புக்குப் பார்த்த வேலை, கடலில் இருக்கும் மித்திக் தீவின் காவல். ஏழு வருடத்துக்கு முன்னால் வேட்டைக்காரர் கூட்டத்தில் எழுந்து, "நரி தீவுல உக்காந்து முட்டைய முழுங்குது, நீங்க இங்க உக்காந்து பிஸ்கட்ட முழுங்குறீங்க" என்று ஆண்களை ஒரு பிடி பிடித்தாள். "அவ்வளவு அக்கறைன்னா நீங்களே பாத்துக்கங்க அண்ணி" என்றான் அவளுடைய கொழுந்தன் குமாலுக். "பாத்துக்கறேன், போடா" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷன் செத்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் சுவர் தின்றுவிடும் போலிருந்த நேரம். அந்தத் தீவை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வேலை இவ்வளவுதான். மித்திக் வாத்து வெறும் தரையில் கூடு கட்டும். மரமா, புதரா, ஒளிந்துகொள்ள அங்கே என்ன இருக்கிறது? சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. ஜூன் மாதம் கரைக்கும் தீவுக்கும் நடுவே கிடக்கும் பனிப்பாலம் உடைந்த பிறகுதான் அது ஏறி முட்டையிடும். பாலம் உடையும்போது தீவில் ஒரு நரி சிக்கிக்கொண்டால் தீர்ந்தது கதை. தின்றது போக மிச்சத்தைப் புதைத்து வைத்து, ஒரு கூடு விடாமல் துடைத்துவிடும். ஆகவே மே மாதக் கடைசியிலேயே போய்ப் பனியில் தடம் பார்த்து, நரி இருந்தால் கரைக்கு விரட்டிவிட வேண்டும். பாலம் உடைந்த பின் மூன்று வாரம் ஒருவரும் தீவில் கால் வைக்கக்கூடாது. போன வருடம் படகில் எண்ணெய் தீர்ந்து அங்கே ஒதுங்கிய குமாலுக்கையே அவள் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை.

இந்த வருடம் அவளுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு கரடி நீந்திப் போய்த் தீவை நாசம் செய்தது. போன வருடம் ஜூன் கடைசி வரை பனி கரையவில்லை. பாதி வாத்துகள் முட்டையிடாமலே போய்விட்டன. மூன்றாவது தடவையும் தோற்றால் மித்திக் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். வடக்கே அப்படி விட்டுப்போன தீவு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதில் பாறையைத் தவிர ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு இந்த வருடம் நிலத்தில் எலியே இல்லை. எலி இல்லாத வருடம் நரிக்கு முட்டைதான் சோறு.

மே கடைசியில் பனிவண்டியில் போனாள். தீவை நோக்கி ஒரு தடம் போனது. கொஞ்சம் தள்ளி ஒரு தடம் திரும்பி வந்தது. ஒன்று போயிற்று, ஒன்று வந்துவிட்டது, கணக்கு சரி. இறங்கி மண்டிபோட்டு, போன தடத்தின் குழியை விரலால் துழாவிப் பார்த்திருக்க வேண்டும். இளகின பனியில் நரிகள் ஜோடியாகப் போனால் பின்னால் போவது முன்னதன் காலடியிலேயே காலை வைக்கும். மேலிருந்து பார்க்க ஒற்றைத் தடமாகத்தான் தெரியும். இது அங்கே யாருக்கும் தெரியும். சியாசிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு முழங்கால் உயிரை எடுத்தது. வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டாள்.

"எறங்கிப் பாத்தீங்களா அண்ணி?" என்று கடை வாசலில் குமாலுக் கேட்டான்.

"பாக்காம வருவேனா? எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா?" என்றாள்.

ஜூன் பதினாறு. பாலம் உடைந்து எட்டு நாள் ஆகியிருந்தது. காலையில் ஏரிக்கரையில் லாரியை நிறுத்திக் குழாயைப் போட்டாள். தொட்டி நிரம்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் தொலைநோக்கியைக் கதவின் மேல் ஊன்றித் தூரத்தில் கடலில் தெரியும் தீவைப் பார்ப்பது அவள் வழக்கம். பெட்டை வாத்துகள் மண் நிறத்தில் அசையாமல் கிடந்தன. திடீரென்று தெற்கு ஓரத்தில் ஒரு வரிசை எழுந்தது. அதன் அடியில் ஏதோ ஒன்று ஓடியது. பாதி வெள்ளை, பாதி பழுப்பு. வாயில் முட்டை.

"ஐயோ பாவி" என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். தொட்டி நிரம்பி வழிந்து சக்கரத்தை நனைத்த பிறகுதான் சுயநினைவு வந்தது. மிச்சமிருந்த வீடுகளை அப்படியே விட்டுவிட்டு லாரியைக் கடற்கரைக்கு ஓட்டினாள்.

குமாலுக் படகு மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியிருந்த படகு அது ஒன்றுதான்.

"குமாலுக், படகு எடு. தீவுக்குப் போகணும்."

அவன் நிமிரவேயில்லை. "எந்தத் தீவு? போன வருஷம் நான் கால வச்சதுக்கு ஊரே கூடி எனக்கு சாமி கும்பிட்டுச்சே, அந்தத் தீவா?"

"நரி இருக்கு."

அவன் கை நின்றது. "நீங்கதான் சுத்தம்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப இருக்கு. வர்றியா, இல்ல நானே துடுப்பு போடட்டுமா?"

"நீங்க துடுப்பு போட்டா அந்த நரி கெழவனாகித் தானா செத்துரும்" என்றான். ஆனாலும் மோட்டாரை மாட்ட ஆரம்பித்துவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, படகு ஓட்டுவதில் அவனுக்கு நிகர் அவன்தான். பாலம் உடைந்ததே தவிர பனி போய்விடவில்லை. வீடு மாதிரிப் பெரிய பனிப்பாளங்கள் நீரோட்டத்தோடு வந்து ஒன்றையொன்று முட்டி அரைத்தன. அவன் நின்றபடி கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, திறக்கிற வழியில் புகுந்து, மூடுவதற்குள் வெளியே வந்தான். அவள் முன்னால் உட்கார்ந்து கம்பால் பாளங்களைத் தள்ளினாள். ஒரு தடவை இரண்டு பாளங்களுக்கு நடுவே படகு நெரிபட்டு, பக்கப்பலகை கிரீச்சென்றது. பிறகு பாளம் தானாகவே விலகியது.

"மத்தியானத்துக்கு மேல கடல் ஓதம் திரும்பும். அப்ப இந்தப் பனியெல்லாம் தீவு மேல வந்து சாயும். அதுக்குள்ள கெளம்பணும், சொல்லிட்டேன்" என்றான்.

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பாமலே பேசினாள். "குமாலுக், நான் அன்னிக்கி எறங்கிப் பாக்கல."

மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். "கால் வலிச்சுது. வண்டியில இருந்தே பாத்துட்டு வந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"கேட்டுச்சு அண்ணி" என்றான் அவன். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தீவின் வடக்கு முனையில் கூடுகள் இல்லாத பாறையில் இறங்கினார்கள். அவளிடம் சின்னத் துப்பாக்கி. சத்தம் குறைவுதான், ஆனாலும் சத்தம் சத்தம்தான். முட்டையிட்ட முதல் வாரத்தில் பெட்டைக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. ஒரு தடவை பதறி எழுந்தால் திரும்பி வரும், இரண்டாவது தடவையும் எழுப்பிவிட்டால் வராது. மேலே கடற்காகங்கள் அதற்காகவே வட்டமடித்துக்கொண்டிருந்தன. பெட்டை எழுந்த கூட்டில் முட்டை வெளியே தெரிந்தால் போதும், ஒரு நொடி.

இரண்டு பேரும் ஈரத் தரையில் வயிற்றால் ஊர்ந்தார்கள். நரி நடுமேட்டில் தெரிந்தது; முட்டையைப் பாசியில் புதைத்து மூக்கால் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவே முப்பது நாற்பது பெட்டைகள் கழுத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தன. இங்கிருந்து சுட்டால் எல்லாம் எழும். நரியை ஓரத்துக்கு வரவைக்க வேண்டும். சியாசி புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். எலி கத்துகிற கீச்சுச் சத்தம் வந்தது. எலியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கான நரி சட்டென்று தலையைத் தூக்கியது.

"வா, வாடி கண்ணு" என்று குமாலுக் முணுமுணுத்தான்.

வந்தது. பத்தடி வந்து நிற்கும், காதைத் திருப்பும், மறுபடி வரும். ஒரு கூட்டின் பக்கத்தில் நின்று பெட்டையைப் பார்த்தது. பெட்டை அசையவில்லை. சியாசி மறுபடியும் உறிஞ்சினாள். புறங்கைத் தோல் எரிந்தது. நரி ஓரத்துக்கு வர இன்னும் பாதி தூரம் இருந்தபோது காற்று மாறியது. அதன் மூக்கு மேலே உயர்ந்தது. இனி ஓடிவிடும்; ஓடினால் இன்றைக்கு அகப்படாது. அவள் சுட்டாள்.

நரி அப்படியே விழுந்தது. தீவு முழுக்க எழுந்தது. இறக்கைச் சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. வாத்துகள் கடலில் போய் விழ, கடற்காகங்கள் கத்திக்கொண்டே இறங்கின.

"மூடு! மூடுடா!" என்று கத்தினாள் சியாசி.

அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டை தானாக எழுந்து போனால் மார்புத் தூவியால் முட்டையை மூடிவிட்டுப் போகும். பதறிப் போனால் அதற்கு நேரம் இராது. அதை இவர்கள் செய்ய வேண்டியிருந்தது. கிழக்குப் பக்கம் அவன், மேற்குப் பக்கம் அவள். கூட்டுக் கூட்டாக ஓடி, ஓரத்தில் கிடந்த தூவியை இழுத்து முட்டைகள் மேல் போர்த்தினார்கள். தூவி போதாத கூட்டில் காய்ந்த பாசியைப் பிய்த்துப் போட்டார்கள். முட்டைகள் கையில் சூடாகப் பட்டன. கண்ணெதிரே நாலு கூடு போயிற்று. ஒரு கடற்காகம் மூன்று முட்டையை உடைத்துக் குடித்துவிட்டு அவளை முறைத்துப் பார்த்தது. அவள் அதைத் திட்டின கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. முழங்கால் வலி மரத்துப்போய், பிறகு கால் இருப்பதே தெரியவில்லை.

முக்கால்வாசி மூடியாயிற்று. குமாலுக் செத்த நரியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முனைக்கு ஓடினான். "அண்ணி, பனி வருது! படகு போயிரும்! வாங்க!"

"இந்த ஓரம் மட்டும்!"

அந்த ஓரத்தை முடித்து நிமிரப் போனாள். நிமிரவில்லை. கடலிலிருந்து முதல் பெட்டை கரையேறி, ஆடி ஆடி நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் பத்துப் பன்னிரண்டு. அவள் கூடுகளின் நட்டநடுவில் மண்டிபோட்டிருந்தாள். எழுந்து ஓடினால் இரண்டாவது தடவை.

அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். முகத்தைப் பாசியில் புதைத்து, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். தூரத்தில் குமாலுக்கின் குரல் கேட்டது: "அண்ணி! என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?" அவள் விரல் நுனியை மட்டும் தூக்கி, போ என்று ஆட்டினாள். குரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டு, அதுவும் தள்ளிப் போயிற்று. பனிப்பாளங்கள் பாறையில் ஏறி நொறுங்கும் சத்தம் வந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. பனி ஒரு நாள் முழுக்கச் சூழ்ந்து நின்றால் அவனால் வர முடியாது. நனைந்த உடையோடு ஒரு நாள் என்பது அவள் வயதுக்கு அதிகம். அது தெரிந்துதான் படுத்திருந்தாள். முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கூடு. அந்தப் பெட்டை வந்து நின்று அவளையே பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. "நான் பாறைடி, உக்காரு" என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது அவள் காலின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி, மூக்கால் பாசியை விலக்கி, முட்டைகளைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தது. சியாசிக்கு அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கும் என்று அதையும் அடக்கினாள். மூத்திரத்தை மட்டும் அடக்க முடியவில்லை. அந்தச் சூடுகூட அப்போது நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்தாள். பெட்டைகள் கழுத்தை உள்ளே இழுத்துக் கண்மூட ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தாள். பின்பக்கமாக, ஒரு தடவைக்கு ஒரு கையளவு. பக்கத்துப் பெட்டை ஒரு தடவை சீறியது, நின்றாள், அது அடங்கியதும் மறுபடி நகர்ந்தாள். பாறையை அடையும்போது சூரியன் நன்றாக மேற்கே சாய்ந்திருந்தது.

குமாலுக் போயிருக்கவில்லை. பெரிய பாளம் ஒன்றின் மேல் படகை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அத்தனை நேரமும் தீவைச் சுற்றி மிதந்திருக்கிறான். ஓதம் தளர்ந்ததும் வந்து அவளைத் தூக்கிப் படகில் போட்டான். தன் மேலங்கியைக் கழற்றிச் சுற்றிவிட்டு, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் பல் கிடுகிடுத்ததில் பாதி தாடையில் வழிந்தது.

"உக்காந்துருச்சு" என்றாள். "எல்லாம் உக்காந்துருச்சு குமாலுக். கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணு பாக்கி இல்ல. பொழச்சிருச்சு."

"பாத்தேன்."

"என்னடா மூஞ்சி அப்படி இருக்கு? நான் நாறுறதைச் சொல்லி ஒரு கேலிகூடப் பண்ணல."

அவன் காலடியில் கிடந்த நரியைத் திருப்பிப் போட்டான். வயிற்று முடி தேய்ந்து, காம்புகள் வீங்கியிருந்தன. அவன் கட்டைவிரலால் லேசாக அழுத்தினான். பால் வந்தது.

சியாசி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். திரும்பி வந்த தடம் ஆண் நரியுடையது. பாலம் உடைந்தபின் அது கரையில் மாட்டிக்கொண்டது. இது உள்ளே தனியாக நின்றுவிட்டது. இது புதைத்துக்கொண்டிருந்த முட்டை யாருக்கு என்று இப்போது தெரிந்தது.

"குட்டிங்க ஏதாவது பொந்துல கெடக்கும். ஆறோ ஏழோ" என்றான் குமாலுக். "இன்னும் கண்ணுகூடத் திறந்திருக்காது. போயித் தேடட்டுமா? பட்டினியா கெடக்கறதுக்கு, ஒரேயடியா முடிச்சுட்டாவது வரலாம்."

அவள் தீவைப் பார்த்தாள். பொந்து நடுமேட்டில்தான் இருக்கும். அங்கே போக ஒரே வழி கூடுகளுக்குள்ளேதான். பெட்டைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கடற்காகங்கள் அலுத்துப்போய்ப் பாறையில் இறங்கியிருந்தன.

"வேணாம்."

"அண்ணி, அதுங்க சாக நாலஞ்சு நாள் ஆகும்."

"தெரியும்டா! எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். "வேணாம். கால் வைக்கக் கூடாது. அன்னிக்கி நான் குனிஞ்சிருந்தா வெரட்டி விட்டிருப்பேன், இது கரையில போயிக் குட்டி போட்டிருக்கும். இது புருஷன்கூட சேந்து வளத்திருக்கும். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் மண்டி போட முடியல எனக்கு."

அவன் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் அப்படிச் சொல்கிற வழக்கமில்லை. கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினான்.

வழி நெடுக அவள் வாய்விட்டு அழுதாள். ஏழு வருடத்துக்கு முன்னால் புருஷனுக்காகக்கூட அவள் இப்படி யார் எதிரிலும் அழுததில்லை. ஊர் தெரியத் தொடங்கியது. கரையில், அவள் விட்டுவந்த லாரியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வாளியும் கையுமாக நின்று படகைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணத் தொடைங்க அண்ணி" என்றான் குமாலுக். "என்ன ஆச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள் சியாசி. முகத்தைத் துடைக்காமலே நரியைத் தூக்கி, வயிறு மேலே தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.